மாலையானால் கண் தெரியவில்லையா? விழித்திரைக்குள் புரதத்தைத் தேடிப்பிடிக்கும் ‘ஒளிரும் ஆன்டிபாடி’: முழு விளக்கம்

பகலில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. பொழுது சாய்ந்தால் மட்டும் வாசற்படி தெரிவதில்லை. சினிமா தியேட்டருக்குள் லேட்டாக நுழைந்தால் சீட்டைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரவில் பைக் ஓட்டவே பயமாக இருக்கிறது.

இந்தப் புகாரோடு கண் மருத்துவரிடம் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மாதிரியான பெரிய மருத்துவமனைகளுக்கு விழுப்புரம், கடலூர் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலருக்குக் காரணம் வைட்டமின் ஏ குறைபாடு. மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். இன்னும் சிலருக்குக் காரணம் மரபணுவில் இருக்கிறது. அது லேசில் சரியாகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புரதம் நிற்கிறது. அதன் பெயர் ரோடாப்சின். வெளிச்சத்தை உணர்வது அதன் வேலை. அந்தப் புரதம் கண்ணுக்குள் எங்கே இருக்கிறது, நோய் வந்தால் எங்கே போகிறது என்பதை விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள்? அதற்கு உதவும் முக்கியமான கருவிதான் ஒளிரும் ஆன்டிபாடி. அது என்ன, அதனால் நோயாளிக்கு என்ன பயன், எதற்கு அது பயன்படாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பிடிப்பது யார்?

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதற்குள்ளேயே பல அடுக்குகளாக செல்கள் அமைந்திருக்கின்றன. வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று குச்சி செல்கள், இன்னொன்று கூம்பு செல்கள்.

குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கு. ஒரு கண்ணில் சுமார் 9 கோடியிலிருந்து 12 கோடி வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கவும், எழுத்துப் படிக்கவும். இவை சுமார் 50, 60 லட்சம்தான்.

குச்சி செல்லின் ஒரு முனையில், தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த மாதிரி சுமார் ஆயிரம் மெல்லிய வட்டுகள் இருக்கும். இட்லிக் கொப்பரைக்குள் தட்டுகளை அடுக்குவதைப்போல நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டுகளின் சவ்வு முழுக்க ரோடாப்சின் நிரம்பியிருக்கிறது. 348 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலிதான் இந்தப் புரதம்.

இந்த அடுக்கு நிரந்தரமானது இல்லை. கீழே புதுத் தட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும், மேலே பழைய தட்டுகள் கழன்றுகொண்டே இருக்கும். சுமார் 10 நாளில் மொத்த அடுக்கும் புதிதாகிவிடும். அதாவது நம் கண், ஓய்வே இல்லாமல் ரோடாப்சினைத் தயாரித்து, சரியான இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த ‘அனுப்புவது’ என்கிற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வைட்டமின் ஏ இதில் எங்கே வருகிறது?

ரோடாப்சினின் நடுவில் ரெட்டினால் என்கிற ஒரு சிறிய மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வெளிச்சம் பட்டதும் வடிவம் மாறி, செல்லுக்குத் தகவல் சொல்கிறது. இந்த ரெட்டினாலை நம் உடல் வைட்டமின் ஏ-யிலிருந்துதான் தயாரிக்கிறது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். பார்வை குறித்த ஆய்வுகளுக்காக 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைட்டமின் ஏ குறைந்தால் ரோடாப்சின் வேலை செய்யாது. அதனால்தான் மாலைக்கண் வருகிறது. இந்தியாவில் 1970-ல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வயது வரை என்று மொத்தம் 9 தவணை. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட், மஞ்சள் பூசணி இவற்றிலிருந்தும் உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும்.

ஆனால், வைட்டமின் ஏ சரியாக இருந்தும் சிலருக்கு இரவுப் பார்வை போகிறது. அங்கேதான் பிரச்சினை புரதத்திலேயே இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத புரதத்தை எப்படித் தேடுவது?

விழித்திரையை மெல்லிய சீவலாக வெட்டி சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் தெரியும், அடுக்குகள் தெரியும். ஆனால் எந்தச் செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று தெரியாது. ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. எல்லாமே நிறமில்லாமல், ஒரே மாதிரிதான் இருக்கும்.

திசுவை அரைத்து சோதித்தால், அதில் ரோடாப்சின் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அரைத்தபிறகு அது எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. மாவாகிவிட்ட பிறகு எந்த அரிசி எங்கே இருந்தது என்று எப்படிச் சொல்வது?

அதனால் இடம் கலையாமல் புரதத்தை மட்டும் பளிச்சென்று காட்ட ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழி நம் உடலிலேயே இருந்தது.

ஒளிரும் ஆன்டிபாடி என்றால் என்ன?

ஆன்டிபாடி என்ற வார்த்தை கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. உடலுக்குள் வேண்டாத பொருள் நுழைந்தால் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. அதன் சிறப்பே குறி தவறாமல் ஒட்டுவதுதான். தனக்கான இலக்கில் ஒட்டும், மற்றதைக் கண்டுகொள்ளாது.

இந்தக் குணத்தை ஆய்வகத்தில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ரோடாப்சினை ஒரு எலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், எலியின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். அந்த ஆன்டிபாடியோடு, ஒரு நிற வெளிச்சம் பட்டால் வேறு நிறத்தில் ஒளிரும் சாயத்தை இணைத்துவிட்டால் போதும். ஆன்டிபாடி எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கே சாயமும் இருக்கும். நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் தெரிந்த ஒருவரை அனுப்புகிறோம். அவர் போய் அந்த ஆளின் தோளில் கை போட்டு நிற்கிறார். அவர் கையில் டார்ச் இருந்தால், தூரத்திலிருந்தே இடம் தெரிந்துவிடும். ஆன்டிபாடி செய்வது இதைத்தான்.

நடைமுறையில் இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள். முதலில் போகிற ஆன்டிபாடியிடம் டார்ச் கொடுப்பதில்லை. அதைத் தேடி ஒட்டுகிற இரண்டாவது ஆன்டிபாடிகளிடம் டார்ச் கொடுக்கிறார்கள். ஒரு முதல் ஆன்டிபாடி மேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் ஒட்ட முடியும். அதனால் வெளிச்சம் கூடுகிறது. எலி ஆன்டிபாடியைப் பிடிக்க ஆட்டிலிருந்து எடுத்த ஆன்டிபாடி என்பது ஆய்வகங்களில் வழக்கமான கூட்டணி.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? 6 படிகளில்

1. விழித்திரைத் திசுவைக் கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு கரைசலில் நிலைப்படுத்துகிறார்கள்.

2. அதை உறையவைத்து, 10 முதல் 20 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

3. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, முதலில் வேறு புரதக் கரைசலை ஊற்றி வெற்றிடங்களை நிரப்பிவிடுகிறார்கள்.

4. முதல் ஆன்டிபாடியை ஊற்றி, பெரும்பாலும் ஓர் இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் வைக்கிறார்கள். பிறகு கழுவுகிறார்கள்.

5. சாயம் கோத்த இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றுகிறார்கள். இந்த வேலை இருட்டில்தான் நடக்கும். வெளிச்சம் அதிகம் பட்டால் சாயம் மங்கிவிடும்.

6. செல்லின் உட்கருவை நீலமாகக் காட்டும் இன்னொரு சாயத்தையும் சேர்த்து, லேசர் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்கிறார்கள்.

ஆரோக்கியமான விழித்திரை என்றால், படத்தில் ஓரமாக ஒரே ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று ஒளிரும். அதுதான் குச்சி செல்களின் வட்டு அடுக்கு. கீழே நீலமாக உட்கரு வரிசை. நடுவில் கிட்டத்தட்ட இருட்டு.

இந்த யோசனை யாருடையது?

ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ். ஆண்டு 1941. அடுத்த ஆண்டே, ஃப்ளூரசின் சாயத்தைப் பயன்படுத்தி, திசுவுக்குள் ஒளிந்திருக்கும் நிமோனியாக் கிருமியின் பொருளை மைக்ராஸ்கோப்பில் ஒளிரவைத்துக் காட்டினார். ஃப்ளூரசின் அப்போதே பழைய சரக்கு. ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் 1871-லேயே தயாரித்த சாயம் அது.

அடுத்த பெரிய மாற்றம் 1975-ல் வந்தது. கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே வகை ஆன்டிபாடியை அளவில்லாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும் செல்லை உருவாக்கினார்கள். 1984-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இதற்குமுன் ஒரு விலங்கின் ரத்தம் தீர்ந்தால் ஆன்டிபாடியும் தீர்ந்தது. இப்போது ஒரே ஆன்டிபாடியை உலகம் முழுக்க எல்லா ஆய்வகமும் பயன்படுத்தலாம்.

அப்படி வந்ததுதான் ‘1டி4’. கனடாவின் வான்கூவரில் ராபர்ட் மோல்டே குழு 1980-களில் உருவாக்கிய ரோடாப்சின் ஆன்டிபாடி இது. ரோடாப்சின் சங்கிலியில் கடைசி 9 அமினோ அமிலங்களைத்தான் இது அடையாளம் காணும்.

இதில் ஒரு இந்தியர் பெயரும் இருக்கிறது

ஹர் கோவிந்த் குரானா. மரபணுக் குறியீட்டு ஆய்வுக்காக 1968-ல் நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அதன்பிறகு அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இருந்தபடி, வெளிச்சத்தை உணரும் புரதங்கள் பக்கம் திரும்பினார்.

1986-ல் அவருடைய ஆய்வகம், மாட்டு ரோடாப்சினுக்கான மரபணுவை முழுக்க முழுக்க வேதியியல் முறையில் கட்டியது. அடுத்த ஆண்டு அந்த மரபணுவைக் குரங்குச் சிறுநீரகச் செல்களுக்குள் செலுத்தி, கண்ணுக்கு வெளியே ரோடாப்சினைத் தயாரித்துக் காட்டினார்கள். செல்லுக்குள் இருக்கும் மற்ற புரதக் கூட்டத்திலிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுக்க உதவியது மோல்டேயின் 1டி4 ஆன்டிபாடிதான்.

இதனால் என்ன பயன்? மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் ரோடாப்சின் எப்படிக் கெட்டுப்போகிறது என்று, நோயாளியின் கண்ணைத் தொடாமலேயே ஆராய வழி பிறந்தது.

சரியான புரதம், தவறான இடம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மாலைக்கண்ணில் தொடங்கி, பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆக்கிவிடும் ஒரு பரம்பரை நோய் உண்டு. பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. சுருக்கமாக ஆர்.பி. உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் தென்னிந்தியாவில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வு, இங்கே அதைவிட அதிகமாக இருப்பதாகக் காட்டியது.

1990-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆர்.பி-க்குக் காரணமான முதல் மரபணு மாற்றத்தை ரோடாப்சினிலேயே கண்டுபிடித்தார்கள். 23-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. 348-ல் ஒன்று! அதற்கே கண் போகிறது.

ஏன்? ஒளிரும் ஆன்டிபாடி அதற்குப் பதில் சொன்னது. இந்த மாற்றம் உள்ள ரோடாப்சின் சரியாக மடங்காது. அதனால் செல் அதை வட்டு அடுக்குக்கு அனுப்பாமல், தயாரிப்புக் கூடத்திலேயே நிறுத்திவிடுகிறது. செல்களில் ஆன்டிபாடி விட்டுப் பார்த்தால், ஒளிர வேண்டிய இடத்தில் ஒளிராமல் செல்லின் நடுவில் குவிந்து ஒளிர்கிறது. சங்கிலியின் கடைசி முனையில் மாற்றம் வந்தால் கதை வேறு. புரதம் ஒழுங்காக மடங்கும். ஆனால் ‘எங்கே போக வேண்டும்’ என்ற முகவரியே அந்த முனையில்தான் எழுதியிருக்கிறது. முகவரி கிழிந்த தபால் மாதிரி அது வேறெங்கோ போய்ச் சேருகிறது.

1995-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆன் மிலம் குழு, ஆர்.பி நோயாளிகள் இறந்தபிறகு தானமாகக் கொடுத்த கண்களில் இதே முறையில் பார்த்தது. குச்சி செல்களில் ரோடாப்சின் வட்டு அடுக்கில் மட்டும் இல்லாமல் செல்லின் உடல் முழுக்கப் பரவியிருந்தது. அதோடு, சாகும் நிலையில் இருந்த குச்சி செல்கள், இருக்கக்கூடாத இடங்களுக்குப் புதுப்புது கிளைகளை நீட்டியிருந்தன. அந்தக் கிளைகளும் ரோடாப்சினால் ஒளிர்ந்தன. திசுவை அரைத்துப் பார்த்திருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

புரதம் இருக்கிறதா, இல்லையா என்பது பாதிக் கேள்விதான். எங்கே இருக்கிறது என்பதுதான் மீதி. சில நோய்களில் இடம் மாறியதே நோய்.

சிவப்பு, பச்சை இரண்டையும் பிரிக்க முடியாத ஆன்டிபாடி

கூம்பு செல்களில் மூன்று வகை. சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்துக்கு ஒவ்வொன்று. நீலக் கூம்பின் புரதத்துக்குத் தனி ஆன்டிபாடி இருக்கிறது. ஆனால் சிவப்புக்கும் பச்சைக்கும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆன்டிபாடி ஒன்றேதான்.

காரணம், அந்த இரண்டு புரதங்களும் சுமார் 96 சதவீதம் ஒரே மாதிரி. ஜெர்மி நாதன்ஸ் என்ற விஞ்ஞானி 1986-ல் இவற்றின் மரபணுக்களைப் படித்தபோது இது தெரியவந்தது. இரட்டைப் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் முழிக்கும் டீச்சர் மாதிரி ஆன்டிபாடியும் இரண்டிலும் ஒட்டிவிடும். இந்த இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான், சிவப்பு-பச்சை நிறக்குருடு ஆண்களுக்கு அதிகம் வருகிறது.

பார்வையே இல்லாதவர்களின் கண்ணிலும் வேலை செய்யும் புரதம்

குச்சி, கூம்பு இரண்டும்தான் வெளிச்சத்தை உணரும் என்று நூறு வருடத்துக்கும் மேலாக நம்பினார்கள். 1998-ல் இக்னாசியோ புரோவென்சியோ குழு, தவளைத் தோலில் மெலனாப்சின் என்ற புதுப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2000-ல் அது மனித விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது.

அதுவும் எங்கே? குச்சியிலும் இல்லை, கூம்பிலும் இல்லை. மூளைக்கு நரம்பு அனுப்பும் உள் அடுக்கில். 2002-ல் மெலனாப்சினுக்கு எதிரான ஆன்டிபாடியை வைத்து எலி விழித்திரையில் பார்த்தபோது, சிலந்தி வலை மாதிரி கிளை பரப்பிய கொஞ்சம் செல்கள் மட்டும் தெரிந்தன. மனிதக் கண்ணில் இவை சில ஆயிரம்தான். படம் பார்க்க இவை தேவையில்லை. ‘இப்போது பகல், இப்போது இரவு’ என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதும், கண்மணி சுருங்குவதும் முக்கியமாக இவற்றின் வேலை.

இதில் பார்வையிழந்தவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. குச்சியும் கூம்பும் அழிந்த சிலருக்கு, இந்த மூன்றாவது வகைச் செல்கள் நன்றாகவே இருக்கலாம். பார்வை இல்லை என்றாலும், காலை வெளிச்சம் அவர்கள் கண்ணில் பட்டால் தூக்கம் ஒழுங்காக அது உதவும்.

ஒளிரும் படம் பொய் சொல்லுமா?

சொல்லும். அதனால்தான் விஞ்ஞானிகள் ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

முதல் சிக்கல், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமி அடுக்கு. வயதாக ஆக அதில் லிப்போஃபஸ்சின் என்ற கழிவு சேரும். அது எந்த ஆன்டிபாடியும் இல்லாமலே தானாக ஒளிரும். வயதானவர் கொடுத்த கண்ணில் இது ரொம்ப அதிகம். அதனால் முதல் ஆன்டிபாடி ஊற்றாத ஒரு சீவலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அதிலும் ஒளிர்ந்தால் அது புரதம் இல்லை.

இரண்டாவது சிக்கல், ஒளிராததால் புரதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1டி4 பிடிப்பது கடைசி 9 அமினோ அமிலங்களை. நோயாளியின் மரபணு மாற்றம் அந்த முனையையே வெட்டிவிட்டால், புரதம் இருந்தும் ஆன்டிபாடி ஒட்டாது. இருட்டாகத்தான் தெரியும். அதனால் வேறு முனையைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த டெக்னிக் நம் மருத்துவமனைகளில் இருக்கிறதா?

கண்ணுக்கு அல்ல, மற்ற நோய்களுக்கு தினமும் பயன்படுகிறது. மூட்டுவலி, லூபஸ் நோய் சந்தேகம் வந்தால் டாக்டர்கள் ‘ஏ.என்.ஏ’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதைச் செய்யும் முக்கியமான முறை இதேதான். நோயாளியின் ரத்தத்தில், சொந்த செல்களையே தாக்கும் ஆன்டிபாடி இருந்தால் கண்ணாடித் தகட்டில் இருக்கும் செல்கள் பச்சையாக ஒளிரும். இப்படிப்பட்ட நோய்களைப் பார்க்க ஜிப்மரில் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை என்று தனித் துறையே இருக்கிறது.

சிறுநீரகத்திலிருந்து ஊசி மூலம் எடுக்கும் சதைத்துணுக்கு, கொப்புளம் வரும் சில தோல் நோய்கள் இவற்றிலும் இதே முறை. வெறிநாய் என்று சந்தேகப்பட்ட நாய் இறந்துவிட்டால், அதன் மூளைத் திசுவில் ரேபிஸ் வைரஸ் இருக்கிறதா என்று உறுதி செய்யும் தரமான பரிசோதனையும் ஒளிரும் ஆன்டிபாடிதான்.

சொல்லப்போனால், கோரிமேட்டுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் 1964-ல் ஜிப்மர் ஆனது. 2008-ல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

கையில் ஊசி போட்டு கண்ணைப் படம் எடுக்கிறார்களே, அது இதுவா?

இல்லை. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இந்தக் குழப்பம் வரும். கை நரம்பில் மஞ்சள் மருந்து ஏற்றி, கண்ணின் ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது ஃப்ளூரசின் ஆஞ்சியோகிராம். 1961-ல் வந்த முறை. கூன்ஸ் பயன்படுத்திய அதே குடும்பத்துச் சாயம்தான். ஆனால் இதில் ஆன்டிபாடி கிடையாது. சாயம் ரத்தத்தோடு ஓடும், குழாயில் எங்கே கசிவு இருக்கிறது என்று காட்டும். அவ்வளவுதான். ஒரு நாள் வரைக்கும் சிறுநீர் மஞ்சளாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

என் கண்ணில் ரோடாப்சின் ஆன்டிபாடி டெஸ்ட் செய்ய முடியுமா?

முடியாது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். திசுவை வெளியே எடுத்து, நிலைப்படுத்தி, சீவினால்தான் இந்தச் சோதனை நடக்கும். உயிரோடு இருப்பவரின் விழித்திரையை அப்படி வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் பார்வை போய்விடும். அது திரும்ப வளராது. அதனால் இது ஆய்வுக்கான முறை, நோயாளிக்கான டெஸ்ட் இல்லை.

நோயாளிக்கு உள்ள பரிசோதனைகள் வேறு. வெளிச்சத்துக்கு விழித்திரை எவ்வளவு மின்சாரம் எழுப்புகிறது என்று அளக்கும் ஈ.ஆர்.ஜி. விழித்திரையின் அடுக்குகளை வெட்டாமலே படம் பிடிக்கும் ஓ.சி.டி. பக்கவாட்டுப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட். கடைசியாக, ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனை. ஆர்.பி-க்குக் காரணமான மரபணுக்கள் இதுவரை 80-க்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எந்த மரபணு என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று பேச முடியும்.

தானம் செய்த கண் என்ன ஆகிறது?

கண் தானம் என்றதும் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொருத்துவது முன்பக்கம் இருக்கும் கண்ணாடி மாதிரியான கருவிழிப் படலம் மட்டும்தான். விழித்திரையைப் பொருத்த இன்னும் வழி இல்லை. அதனால் கருவிழி மாற்று அறுவை செய்தால் ஆர்.பி சரியாகாது.

ஆனால் குடும்பத்தார் சம்மதித்தால், மீதியுள்ள திசு ஆய்வுக்கும் படிப்புக்கும் பயன்படலாம். மேலே சொன்ன சியாட்டில் ஆய்வு அப்படிக் கிடைத்த கண்களால்தான் நடந்தது. எலியின் கண்ணில் எவ்வளவு பார்த்தாலும், மனித நோய் மனிதக் கண்ணில்தான் முழுசாகத் தெரியும்.

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரத்துணி வைத்து, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, பி.பி இருந்தவர் எல்லோரும் கொடுக்கலாம். ஆர்.பி-யால் பார்வை இழந்தவரும் கொடுக்கலாம். அவருடைய கருவிழி நன்றாக இருந்தால் இன்னொருவர் பார்ப்பார். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, ரேபிஸ் மாதிரியான தொற்று இருந்தவர்களிடம் எடுப்பதில்லை.

சிகிச்சை எந்த அளவில் இருக்கிறது?

2017 டிசம்பரில் அமெரிக்காவில் லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஆர்.பி.இ65 என்ற ஒரே ஒரு மரபணு கெட்டிருப்பவர்களுக்கு மட்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் என்று விலை வைத்தார்கள்.

2021-ல் இன்னொரு செய்தி வந்தது. ஆர்.பி-யால் பார்வை இழந்து பல பத்து வருடங்கள் ஆன 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில், பாசியிலிருந்து எடுத்த ஒளி உணரும் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினார்கள். விசேஷக் கண்ணாடி அணிந்தபோது, மேஜை மேல் இருந்த பொருட்களை அவரால் கண்டுபிடித்துத் தொட முடிந்தது. முகம் பார்க்க, படிக்க முடியவில்லை. இது ஆராய்ச்சி நிலைதான், ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சிகிச்சை இல்லை.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

* குழந்தை மாலையில் தட்டுத் தடுமாறினால், முதலில் வைட்டமின் ஏ தவணைகள் முடிந்தனவா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அளவு கூடினால் கல்லீரலுக்கு ஆபத்து. கர்ப்பிணிகளுக்குக் கருவையும் பாதிக்கும். விழித்திரையைத் தாக்கும் சில பரம்பரை நோய்களில் வைட்டமின் ஏ கெடுதலே செய்யும்.

* குடும்பத்தில் ஒருவருக்கு ஆர்.பி இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கையும் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

* மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் நம்மிடம் சகஜம். ஒரே கெட்ட மரபணு அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஆர்.பி உள்ள குடும்பம் என்றால் திருமணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் கண் மரபணு ஆய்வு நடக்கிறது.

* ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆர்.பி போய்விடும்’, ‘சொட்டு மருந்தில் விழித்திரை வளரும்’ என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மருத்துவ ஆராய்ச்சியில் சேர நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பணம் கேட்டாலே அது ஆராய்ச்சி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

* பார்வை குறைந்துகொண்டே வந்தாலும் கண் மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள். ஆர்.பி உள்ளவர்களுக்குக் கண்புரையும், விழித்திரை நடுவில் நீர் கோப்பதும் சேர்ந்து வருவதுண்டு. அந்த இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்ற அதுவே பெரிய உதவி.